பதநீர் நொதித்தல்

பனம்பாளையினின்று வடியும் இனிப்புச் சாறு நுண்ணுயிர்களின் செயலால் கள்ளாக மாறும் இரசாயன விகாரம். குற்றாலச் சாரல் நனைக்கும் மலையோரத்தை விட்டுத் தென்காசிக்குக் கிழக்கே பாவூர்ச்சத்திரம், சுரண்டைப் பக்கம் செல்லச் செல்லப் பூமி வறண்டு பனைகள் மிகுகின்றன. அங்கே பாளை சீவும் பனையேறிகள், கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாது கட்டினால் கள் என்னும் உண்மையை, ஆராய்ச்சிசாலைகள் தோன்றுமுன்னரே அனுபவத்தால் அறிந்து, தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்திருக்கின்றனர்.

இதன் காரணத்தைச் சாஸ்திரம் மெல்ல மெல்லவே கண்டது. சர்க்கரை லாக்டிக் அமிலமாவது உயிருள்ள நுண்ணணுக்களின் வேலையே என்று 1857-இல் லூயி பாஸ்டர் எடுத்துரைத்தார். ஈஸ்டைப் பிழிந்த உயிரற்ற சாறும் நொதிக்கச் செய்யும் என்று 1897-இல் எடுவார்டு புக்னர் காட்டினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் கூடி, உயிர்களின் சக்திக் கையிருப்பாகிய ஏ.டி.பி.யை 1929-இல் கண்டறிந்தார்; அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் தனித்துக் கண்டார். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உடைந்து இரண்டு ஏ.டி.பி. ஈட்டித்தரும் பாதை, 1930-களில் எம்டன், மயர்ஹோஃப், பார்னாஸ் முதலியோரின் உழைப்பால் துலங்கிற்று. ஈஸ்டும் பல லாக்டிக் பாக்டீரியாக்களும் செல்வது இவ்வழியே.

கள்ளில் வாழும் ஸைமோமோனாஸ் மொபிலிஸ் என்னும் பாக்டீரியா வேறு வழி நாடுகிறது. லிண்ட்னர் என்பவர் 1920-களில் மெக்ஸிகோவின் கற்றாழைக் கள்ளில் கண்ட இவ்வுயிர், பின்னர் பனைவகைக் கள்ளிலும் காணப்பட்டது. என்ட்னரும் டௌடராஃபும் 1952-இல் வேறொரு பாக்டீரியாவில் கண்டு விவரித்த பாதையே இதற்கும் ஜீவனோபாயம் என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதிப்பட்டது. அப்பாதையில் ஒரு குளுக்கோஸுக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஏ.டி.பி.; ஆகையால், பிழைப்புக்கு வேண்டிய சக்தியைத் திரட்ட அது மிகுந்த சர்க்கரையை மிகுந்த வேகத்தில் சாராயமாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றியாக வேண்டியிருக்கிறது. சுண்ணாம்பிடாத கலயம் மரத்தில் தொங்கும்போதே நுரைக்கத் தொடங்குவதற்கு, ஈஸ்டின் செயலோடு இந்த வறுமையும் ஒரு காரணம் என்பது மிகவும் வியக்கத்தக்கது. லூகோநாஸ்டாக் வகையும் ஒற்றை ஏ.டி.பி.யோடு திருப்தியடைந்து, சாராயத்துடன் லாக்டிக் அமிலத்தையும் சேர்த்துப் புளிப்பூட்டுகிறது.

சுண்ணாம்பின் காரத்தன்மை இவை அனைத்தையும் அடக்கிவிடுகிறது. அமிலம் பிறவாமையால் சுக்ரோஸ் சிதையாது நின்று, காய்ச்சும்போது கருப்பட்டியாக இறுகுகிறது. பனையேறியின் இந்த யுக்தியைக் கைப்பழக்கம் என்று ஒதுக்குவது அநீதி. நுண்ணுயிர்களின் குணமறிந்து செய்த பிரயோகமாகவே அதை மதிக்க வேண்டும். 1937-இல் சேலத்தில் தொடங்கி 1948-இல் சென்னை மாகாணமெங்கும் பரவிய மதுவிலக்குக்குப் பின், கலயத்துச் சுண்ணாம்பு தொழில் வழக்கமாக மட்டுமன்றிச் சட்டத்தின் நிபந்தனையும் ஆயிற்று.