இடிந்த கோபுரமும் எஞ்சிய நிழலும்

கல்லில் செதுக்கியது நிலைக்கும், கண்ணாடி உடையும் என்பது உலக வழக்கு. அவ்வழக்கு தலைகீழான வரலாறும் உண்டு. ஸ்பெயின் நாட்டுப் பழம்பெரு நகரங்களின் தெருக்களையும் சிற்ப நுணுக்கங்களையும் நிழற்படமாக்கியோர் வரலாறே அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அப்பணியில் தலைநின்றோர் இருவர். இருவரும் அயல்நாட்டவர். வேல்ஸ் நாட்டில் பிறந்த சார்லஸ் கிளிஃபோர்டு, 1862-இல் அரசி இரண்டாம் இசபெல்லா அந்தலூசியாவுக்கு மேற்கொண்ட பயணத்தைப் படமாக்கினார். 1863 புத்தாண்டு நாளில் மத்ரீதில் மறைந்தார். பிரான்சில் பிறந்த ழான் லோரான் 1856-இல் மத்ரீதில் நிழற்பட நிலையம் நிறுவினார். அவருடைய கண்ணாடித் தகடுகளைக் கொண்ட பெருந்தொகுப்பை 1975-இல் ஸ்பெயின் அரசு விலை கொடுத்து வாங்கியது.

அந்நாளைய முறை எளிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, அப்போதே இருட்டறையில் உருத்துலக்க வேண்டும். ஒளி பதிய நொடிகள் பல ஆகும். எனவே, நடந்து சென்றோர் புகையென மங்கினர். அசையாது நின்ற வாயிலும் வளைவும் தூணும் கூர்மையாகப் பதிந்தன. அப்படங்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

சரகோசா நகரின் புதிய கோபுரம் 1504-இல் எழுந்தது. இசுலாமியக் கைவினை மரபும் கிறித்தவக் கட்டடக் கலையும் கலந்த முதேஹார் பாணியில் அமைந்த செங்கற் கோபுரம் அது. நகருக்கு நேரம் காட்டிய அக்கோபுரம், சாய்ந்து நின்றமையால் புகழ் பெற்றது. இருவரும் அதனைப் படமெடுத்தனர். விழுந்துவிடும் என்னும் அச்சத்தைக் காட்டி, கற்றோர் எதிர்ப்பையும் மீறி, நகர மன்றம் 1892-இல் அதனை இடிக்கத் தொடங்கியது. செங்கற் கோலத்தின் வரிவரியான அழகை இன்று காண விழைவோர் பழம்படங்களையே நாட வேண்டும்.

ஆயின், நிழற்படம் காட்டுவதெல்லாம் பழமையே எனக் கொள்ளுதல் பொருந்தாது. கிரனாதாவின் அல்ஹம்பிரா அரண்மனையில், சிங்க முற்றத்தின் கிழக்கு மண்டபத்தின்மீது, 1859-இல் சீரமைப்பாளர் ரஃபாயெல் கொந்த்ரேராஸ் வண்ண ஓடு வேய்ந்த குவிமாடம் ஒன்றை அமைத்தார். கீழைநாட்டு அழகு இவ்வாறுதான் இருந்திருக்கும் என்ற அக்காலக் கற்பனையின் விளைவு அது. கட்டடக் கலைஞர் லெயொபோல்தோ தோரெஸ் பல்பாஸ் 1934-இல் அதனை அகற்றினார். இடைப்பட்ட ஆண்டுகளில் எடுத்த படங்களில் அக்குவிமாடம் தொன்றுதொட்டு இருந்ததுபோல் வீற்றிருக்கிறது!

ஒரு படம் இழந்ததைக் காத்தது. மற்றொன்று இல்லாதிருந்த பழமைக்குச் சான்று கூறியது. கருவி இரண்டிடத்தும் பொய் சொல்லவில்லை. அன்று கண் முன் நின்றதையே பதித்தது. எனவே, நிழற்படம் ஒருநாளின் சாட்சியேயன்றி எந்நாளின் சாட்சியும் அன்று. பழம்படத்தின் எழிலில் தோய்வோர் அதன் ஓரத்தில் குறித்த ஆண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.