சாக்குப்பையில் வந்த தலை

1901 டிசம்பரில், பிலிப்பைன்சின் லூசோன் தீவில், ஒரு வேட்டைக்காரர் அமெரிக்க ராணுவத்திடம் ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்தார். உள்ளே அழுகத் தொடங்கிய ஒரு மனுசத் தலை. டேவிட் ஃபேகனைக் கொன்னுட்டேன் என்றார். அந்தத் தலைக்கு அறிவித்திருந்த விலை 600 டாலர்.

ஃபேகன், ஃப்ளோரிடாவின் டாம்பாவைச் சேர்ந்த கறுப்பர். அமெரிக்காவின் 24ஆம் காலாட்படையில் சிப்பாய். அந்தப் படையில் சிப்பாய்களெல்லாம் கறுப்பர்கள். உத்தரவு போடுறவங்க வெள்ளையர்கள்.

1898இல் ஸ்பெயினைத் தோற்கடித்த அமெரிக்கா, 2 கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்சை எடுத்துக்கொண்டது. அந்த நாட்டுச் சனங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களோ ஏற்கெனவே விடுதலையை அறிவித்திருந்தார்கள். 1899 பிப்ரவரியில் போர் மூண்டது. அவர்களை அடக்கக் கறுப்புப் பட்டாளங்களையும் கப்பலேற்றினார்கள்.

அங்கே போனால், ஊரில் கறுப்பர்களை எந்தச் சொல்லால் ஏசினார்களோ அதே சொல்லால் பிலிப்பினோக்களை ஏசினார்கள் வெள்ளைச் சிப்பாய்கள். பக்கத்தில் நின்ற கறுப்பருக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த ஏப்ரலில்தான் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பரைப் பெருங்கூட்டம் கூடி உயிரோடு கொளுத்தியிருந்தது. அவர் பெயரைச் சொல்லியே போராளிகள் கறுப்புச் சிப்பாய்களுக்குத் துண்டறிக்கை போட்டார்கள்.

1899 நவம்பரில் ஃபேகன் போராளிகளிடம் போய்ச் சேர்ந்தார். ஒரு வருசத்துக்குள் கேப்டன். ஜெனரல் ஃபன்ஸ்டன் துரத்தித் துரத்திப் பார்த்தும் சிக்கவில்லை. 1901இல் போராளித் தளபதிகள் சரணடைந்தபோது அவங்களுக்கு மன்னிப்பு கிடைத்தது. ஃபேகனுக்குக் கிடையாது, தூக்குதான் என்றார் ஃபன்ஸ்டன்.

எல்லாரும் ஃபேகனைப்போலப் போய்விடவில்லை. போனவங்க சொற்பம். மற்றவர்கள் சுட்டார்கள், கொடிக்கு ரத்தம் சிந்தினா ஊரில் மனுசனா மதிப்பாங்க என்ற நம்பிக்கை பலருக்கு இருந்தது. அவர்களைத் துரோகிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோத்துக்கும் கொஞ்சம் மரியாதைக்கும் திறந்திருந்த கதவு பட்டாளம்தான். அந்த மரியாதையும் நிலைக்கவில்லை. பிலிப்பைன்சில் சண்டை போட்ட அதே 25ஆம் காலாட்படையின் 167 கறுப்புச் சிப்பாய்களை, டெக்சாசின் பிரவுன்ஸ்வில் ஊரில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டுக்காக, 1906இல் அதிபர் ரூஸ்வெல்ட் வீட்டுக்கு அனுப்பினார். நீதிமன்ற விசாரணையே இல்லை. அந்த அநியாயத்தை ராணுவம் ஒத்துக்கொள்ள 1972 ஆனது.

ஃபேகன் ஏன் போனார்? அவர் எழுதிவைத்த ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி அதிகம் எழுதியவர்கள் அவரை வேட்டையாடியவர்கள்தான். அவர்களுக்கும்கூட அந்தச் சாக்குப்பையில் சந்தேகம் இருந்தது. கோப்பில் 'கொல்லப்பட்டதாகக் கருதப்படுகிறது' என்ற அளவில்தான் எழுதினார்கள்.