விமானம் மேலெழும்பும்போது ஆட்டோபைலட் என்ன செய்கிறது? சிமுலேட்டரில் பழகுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் என நீங்கள் எங்கே இருந்தாலும் சரி. வீட்டில் ஒரு நல்ல கணினியும் ஃபிளைட் சிமுலேட்டரும் இருந்தால், சுற்றிலும் செம்பனை மரங்கள் நிற்கும் அந்த அறையிலிருந்தே ஏர்பஸ் ஏ320 விமானத்தைக் கேஎல்ஐஏ ஓடுபாதையில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம்.

அடுத்து நடப்பது பலருக்கும் பழகிய கதை. இன்ஜினுக்கு முழு விசை கொடுத்து, ஆட்டோபைலட் பட்டனைத் தட்டிவிட்டு, "இனிமே அதுவே பார்த்துக்கும்" என்று கையை எடுத்துவிடுவீர்கள். விமானம் ஓடும், ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஓடுபாதை முடிந்து புல்லில் போய் நிற்கும். கேமில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில், பயணிகள் விமானங்களில் உள்ள ஆட்டோபைலட் விமானத்தைத் தரையிலிருந்து தூக்குவதற்காக வடிவமைக்கப்பட்டது இல்லை.

அப்படின்னா, யார் தூக்குறாங்க?

விமானிதான், அதுவும் கையால். ஓடுபாதையில் வேகம் கூடும்போது மூன்று வேகங்களைக் கவனிப்பார்கள். வி1 என்பது முடிவெடுக்கும் வேகம். ஏதாவது பிரச்சனை என்றால் அதற்குள் நிறுத்திவிட வேண்டும், தாண்டிவிட்டால் பறந்தே ஆக வேண்டும். விஆர் வேகத்தில் மூக்கைத் தூக்குவார்கள். ஓர் இன்ஜின் நின்றுபோனாலும் பாதுகாப்பாக மேலேற உதவும் வேகம் வி2. விமானத்தின் எடை, அன்றைய வெப்பம், ஓடுபாதையின் நீளம் ஆகியவற்றைப் பொறுத்து இவை ஒவ்வொரு பயணத்துக்கும் மாறும்.

கேஎல்ஐஏ ஓடுபாதைகள் வடமேற்கு, தென்கிழக்கு திசைகளில் அமைந்தவை. வடமேற்கு நோக்கி எழும்பி நேராகவே பறந்தால், சுமார் 80 கிலோமீட்டரில் கோலசிலாங்கூர் வந்துவிடும். அந்த 80 கிலோமீட்டரில் ஆட்டோபைலட்டின் உதவி இல்லாமல் கையால் பறக்க வேண்டிய தூரம் மிகக் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்தில் விமானிதான் முழுப் பொறுப்பு.

ஆட்டோபைலட்டை எப்போது போடலாம்?

இது விமானத்துக்கு விமானம் மாறும். ஏர்பஸ் ஏ320-இல் தரையிலிருந்து குறைந்தது 100 அடி உயரம் வந்திருக்க வேண்டும், எழும்பி 5 வினாடியாவது ஆகியிருக்க வேண்டும். போயிங் 737-800 என்றால் 400 அடி. போயிங் 777-க்கு 200 அடி. இவை குறைந்தபட்ச அளவுகள் மட்டுமே. கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக, பல விமானிகள் சில ஆயிரம் அடி வரை கையாலேயே ஓட்டுவதும் உண்டு.

ஆனால் திரையில் ஏதோ வழிகாட்டுதே?

அதன் பெயர் ஃபிளைட் டைரக்டர். பலரும் குழம்புவது இங்கேதான். மூக்கை எவ்வளவு தூக்கணும், எந்தப் பக்கம் சாய்க்கணும் என்று திரையில் கோடுகளால் அது காட்டும். வழியைச் சொல்லுமே தவிர, விமானத்தைத் தொடாது. அந்தக் கோடுகளைப் பார்த்து விமானி கையால் ஓட்டினால் அது ஃபிளைட் டைரக்டர். அதே கணக்கை வைத்து இயந்திரமே ஓட்டினால் அது ஆட்டோபைலட்.

வேகத்துக்கு வேறொரு கருவி இருக்கிறது. ஏர்பஸ்ஸில் அதன் பெயர் ஆட்டோதிரஸ்ட். மேலெழும்பும்போது அது தயார் நிலையில் மட்டும் இருக்கும். பொதுவாக ஓடுபாதையிலிருந்து 1,500 அடி உயரத்தில், திரையில் 'எல்விஆர் சிஎல்பி' என்று மின்னும். அப்போது நீங்கள் நெம்புகோலை 'கிளைம்ப்' நிலைக்கு இழுத்தால்தான் அது வேலையைத் தொடங்கும். இதை மறந்துவிட்டால் வேகம் ஏறிக்கொண்டே போய், எச்சரிக்கை மணி அலறத் தொடங்கிவிடும்.

தானாகத் தரையிறங்க முடியும்போது, தானாக எழும்ப முடியாதா?

நல்ல கேள்வி. பயணிகளோடு வந்த விமானம் ஒன்று தானாகத் தரையைத் தொட்டது 1965-லேயே நடந்தது. பிரிட்டனின் டிரைடன்ட் விமானம் அது. மூடுபனியில் ஓடுபாதை தெரியாதபோது இறங்க வேண்டிய தேவை இருந்தது. தரையிலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞை விமானத்துக்கு வழியும் காட்டியது.

எழும்பும்போது நிலைமையே வேறு. ஓடும் விமானத்தை நிறுத்துவதா, தொடர்வதா என்று சில வினாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். டயர் வெடித்த சத்தமா, பறவை மோதியதா, எதிரே வேறு விமானம் குறுக்கே வருகிறதா என்பதையெல்லாம் எடைபோட வேண்டும்.

தொழில்நுட்பத்தால் முடியாது என்று சொல்லிவிட முடியாது. 2019 டிசம்பரில் பிரான்சின் துலூஸ் நகரில், ஏர்பஸ் நிறுவனம் ஏ350-1000 விமானத்தைக் கேமராப் படங்களின் உதவியோடு 8 முறை தானாக எழும்ப வைத்துக் காட்டியது. அது ஒரு சோதனை. நீங்கள் டிக்கெட் எடுத்துப் போகும் விமானத்தில் இன்றும் விமானிதான் எழுப்புகிறார்.

ஆட்டோபைலட் இல்லாமல் போனால்? எம்எச்134 சொல்லும் பாடம்

2018 ஜூலை 18 இரவு. மலேசியா ஏர்லைன்ஸின் ஏ330 விமானம் ஒன்று, எம்எச்134 என்ற பயண எண்ணோடு, 200-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பியது.

காற்றழுத்தத்தை வைத்து வேகத்தை அளக்கும் சிறு குழாய்களுக்குப் பிட்டோ குழாய் என்று பெயர். பிரிஸ்பேனில் அவற்றுக்குள் குளவிகள் கூடு கட்டிவிடும் என்பதால், நிறுத்திவைத்த விமானத்தின் குழாய்களுக்கு உறை போட்டிருந்தார்கள். புறப்படும் முன் அந்த உறைகளைக் கழற்றவில்லை. சோதனை செய்ய வேண்டிய யாருடைய கண்ணிலும் அது படவில்லை.

ஓடுபாதையில் ஓடும்போதே திரையில் வேகம் சரியாகக் காட்டவில்லை. நிறுத்துவதற்கான நேரத்துக்குள் அதற்கு ஏற்ற முடிவு எடுக்கப்படவில்லை. விமானம் எழும்பிவிட்டது, நம்பக்கூடிய வேக அளவு ஒன்றுகூட இல்லாமல்.

விமானிகள் காற்றுத் தரவு தரும் மூன்று கருவிகளையும் அணைத்து, மாற்று வேக அளவியைத் திரைக்குக் கொண்டு வந்தார்கள். அப்படிச் செய்தால் ஆட்டோபைலட் கிடைக்காது. சுமார் ஒரு மணி நேரம் கையால் ஓட்டி, பிரிஸ்பேனிலேயே பத்திரமாக இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

இதற்கு முன்பும் ஒரு சம்பவம் உண்டு. 2005 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, பெர்த்திலிருந்து கோலாலம்பூர் கிளம்பிய எம்எச்124 மேலேறிக்கொண்டிருந்தது. சுமார் 38,000 அடியில், தவறான தரவை நம்பி ஆட்டோபைலட் போயிங் 777-இன் மூக்கைச் சட்டென்று மேலே தூக்கியது. விமானி ஆட்டோபைலட்டைத் துண்டித்து, கையால் ஓட்டிப் பெர்த்துக்கே திரும்பினார்.

ஆட்டோபைலட்டால் தானாக எதையும் பார்க்க முடியாது. கருவிகள் சொல்வதை அப்படியே நம்பும். கருவி பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டியது மனிதர்தான்.

இன்று சிமுலேட்டரில் இதைச் செய்து பாருங்கள்

1. ஓடுபாதைக்குப் போகும் முன்பே, ஏற வேண்டிய உயரத்தைக் குறித்துவிடுங்கள். உயரத்தைச் சரியாகக் குறிக்காவிட்டால், ஆட்டோபைலட் போட்டதும் மேலேறாமல் போகலாம்.
2. ஃபிளைட் டைரக்டரைப் போடுங்கள். ஆட்டோபைலட்டைத் தொடாதீர்கள்.
3. ஏ320 என்றால் 100 நாட் வேகத்தில் இரு பக்கத் திரைகளிலும் வேகம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எம்எச்134 விட்ட இடம் இதுதான்.
4. விஆர் வந்ததும் மெதுவாக மூக்கைத் தூக்குங்கள். விருட்டென்று இழுத்தால் வால் தரையில் உரசும்.
5. கோடுகளைப் பின்பற்றி விமானம் நிலையாகப் பறந்த பிறகே ஆட்டோபைலட்டைப் போடுங்கள். போட்ட பிறகு, திரையின் மேல்வரிசையில் எந்த முறை ஓடுகிறது என்று படியுங்கள்.

விமானியாக ஆசையா?

சிமுலேட்டர் நல்ல தொடக்கம். கருவிகளின் பெயரும், வேலையின் வரிசையும் மனதில் பதியும். ஆனால் வீட்டுக் கணினியில் பறந்த மணிநேரம் விமானி உரிமத்துக்குக் கணக்கில் வராது. வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையிலும் தேற வேண்டும்.

இன்னொன்றையும் வீட்டில் சொல்லுங்கள். பயிற்சிக் கட்டணம் ஒரு தோட்டக் குடும்பத்துக்குப் பல வருடச் சேமிப்பு. சேமநிதிப் பணத்தையோ, நகையையோ தொடும் முன், அந்தப் பயிற்சிப் பள்ளிக்கு மலேசிய வான் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்-இன் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதல் தவணையைக் கட்டும் முன் மருத்துவப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். பணம் கட்டிய பிறகு, கண் பார்வையாலோ வேறு உடல்நிலையாலோ தகுதி இல்லை என்று தெரியவந்தால் இழப்பு உங்களுக்குத்தான்.