ஒவ்வாதாரிடத்து அன்பு: வரையறையும் படிநிலைகளும்

1. சொல்லும் பொருளும்

பகைவரிடத்தும் அன்பு கொள்ளுமாறு இயேசு கட்டளையிடும் இடங்களில், புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் 'அகாப்பே' என்பதன் வினைவடிவத்தை ஆள்கிறது. நண்பர்க்கிடையே நிலவும் நேசத்தைக் குறிக்கும் 'பிலியா'வின் வினை அங்கே வரவில்லை. தமிழில் பழைய திருப்புதல் அவ்விடங்களில் 'சிநேகம்' என்னும் சொல்லைக் கையாண்டது. அச்சொல் இன்று நட்பையே நினைவூட்டுவதால், பிடிக்காதவரைப் பிடித்தவராக்கிக்கொள்ள வேண்டுமோ என்னும் மயக்கம் எழுகிறது.

இம்மயக்கத்தைத் தீர்க்கும் வேறுபாடு ஒன்று தமிழ் மரபிலேயே உண்டு. திருக்குறள் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைக்கிறது. தொடர்புடையார்மேல் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். இவ்வளவையால் அளந்தால் மத்தேயு 5ஆம் அதிகாரம் கேட்கும் அன்பு அருளின் பக்கமே நிற்கும். ஆயினும் கத்தோலிக்கத் தமிழ் வழக்கில் 'அருள்' இறைவன் தரும் கொடையைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. ஆகவே இங்கு வேறு இரு சொற்களை ஆள்கிறோம். உறவாலோ பழக்கத்தாலோ பிடித்தத்தாலோ தானே சுரப்பது இயல்பன்பு. பிடித்தம் இல்லாவிடத்தும் பிறர் நலத்தை நாடத் துணிந்து, அத்துணிவைச் செயலாக்குவது துணிவன்பு. துணிவு என்பதை முடிவுசெய்தல் என்னும் பழம்பொருளில் கொள்க.

2. அன்புகூர அரியவர்

இவர்களை மூவகையாகப் பகுக்கலாம். நமக்குத் தீங்கு நினைப்பவர் பகைவர். தீங்கு செய்துவிட்டவர் பிழைத்தவர். தீங்கு எதுவும் செய்யாமலே நம் மனத்துக்குப் பொருந்தாமல் போனவர் ஒவ்வாதார்.

மூன்றாம் வகையே மிகக் கடினமானது என்பது நம் துணிபு. பிழைத்தவரிடம் மன்னிப்பு என்னும் வழி திறந்திருக்கிறது. ஒவ்வாதாரிடம் மன்னிப்பதற்கு எதுவுமே இல்லை. அவருடைய குரல், உண்ணும் முறை, சொன்னதையே சொல்லும் பழக்கம் ஆகியவை குற்றங்கள் அல்ல. குற்றம் இல்லாததால் நம் வெறுப்பையும் நாம் பாவமாக எண்ணுவதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் அது இடம்பெறுவதே அரிது. 'அவருக்கும் எனக்கும் ஒத்துவராது' என்று சொல்லி அமைதியாகிவிடுகிறோம். ஒரே ஆலயத்தில் இருபது ஆண்டு வழிபட்டும் ஒருவரையொருவர் முகம்நோக்காமல் வாழ்வது இப்படித்தான் இயல்கிறது.

3. கட்டளையின் அளவு

உணர்ச்சியைக் கட்டளையால் பிறப்பிக்க முடியாது. அப்படியானால் கட்டளை எதைத் தொடுகிறது? யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் தெளிவான விடை தருகிறது. பகைப்பவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால், கண்டவன் விலகிப் போகாமல் உதவ வேண்டும் என்கிறது அச்சட்டம். உதவுகிறவன் மனத்தில் என்ன ஓடுகிறது என்று அது கேட்கவில்லை. கழுதை எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவே.

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதை மேலும் நுணுக்கமாக வரையறுத்தார். பகைவனை அவனுடைய பகைமைக்காகவே நேசிப்பது முறைகேடு. மனிதன் என்ற பொதுநிலையில் அவனை நேசிப்பது கடமை. அவன் ஒருவனிடத்தே தனிப்பட அன்பு பொங்குவது எப்போதும் கடமை அன்று. தேவை நேரும்போது அவனுக்கு உதவ உள்ளம் ஆயத்தமாக இருப்பதே கடமை. கொடுமை செய்பவரின் கொடுமைக்கு உடன்பட்டுக் கிடப்பது அன்பு என்று போதிப்போருக்கு இவ்வரையறையின் முதற்பகுதியே மறுப்பு.

4. படிநிலைகள்

மன ஆயத்தம் செயலாக மாறும் படிகளைக் காண, லிசியே நகரின் கார்மேல் மடத்தில் வாழ்ந்த குழந்தை இயேசுவின் புனித தெரசாவிடம் செல்வோம். 15 வயதில், 1888இல் மடம் புகுந்தவர். 1897 செப்டம்பர் 30 அன்று 24 வயதில் காசநோயால் இறந்தவர். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1897 ஜூனில் எழுதிய குறிப்புகளில், எல்லாவற்றிலும் தமக்கு ஒவ்வாத ஒரு சகோதரியைப் பற்றிக் கூறுகிறார்.

முதற்படி, ஒவ்வாமையை மறைக்காமல் தமக்குத்தாமே ஒப்புக்கொண்டது. இரண்டாவது, அச்சகோதரியைக் காணும்போதெல்லாம் அவருடைய நற்பண்புகளை இறைவன்முன் வைத்து அவருக்காகச் செபித்தது. மூன்றாவது, இயன்ற பணிவிடைகளைச் செய்தது. கடுஞ்சொல் நாவில் எழும்போது புன்னகைத்தது. நான்காவது நமக்கு மிகவும் முக்கியமானது. போராட்டம் தம் வலிமையை மீறியபோது, போர்க்களம் விட்டோடும் வீரனைப்போலத் தாம் ஓடிவிட்டதாக எழுதுகிறார். விலகிப் போவதும் துணிவன்பின் ஒரு படி என்பதை ஒரு புனிதையின் வாயால் அறிவது பெரும் ஆறுதல்.

அவர் குறிப்புகளில் மற்றொரு மூத்த சகோதரியும் வருகிறார். மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவர் தம் மணற்கடிகாரத்தை ஆட்டுவார். தெரசா எழுந்து அவரை உணவறைக்குத் தாங்கி நடத்த வேண்டும். விரைந்தால் குறை, மெதுவாகச் சென்றால் குறை. சில நாளில், அம்மூதாட்டி முடங்கிய கையால் ரொட்டியை வெட்டத் தடுமாறுவதைத் தெரசா கண்டார். அதுமுதல், யாரும் கேளாமலே, அதை வெட்டிக் கொடுத்துவிட்டே திரும்பினார். துணிவன்பின் கண் இங்கே திறக்கிறது. கடமையாகத் தொடங்கிய செயல், கடமை சொல்லாத ஒரு தேவையைக் காண்கிறது.

5. ஒரு மறுப்பு

உள்ளே ஒவ்வாமை இருக்க வெளியே புன்னகைப்பது பாசாங்கு ஆகாதா? பாசாங்கு தன் ஆதாயத்துக்காகப் பிறரை ஏமாற்றுவது. துணிவன்பு பிறர் நலத்துக்காகத் தன்னைச் செலவிடுவது. அம்முதல் சகோதரி, தம்மிடம் எது தெரசாவை இவ்வளவு ஈர்க்கிறது என்று ஒருநாள் கேட்டார். கண்டு மகிழ்வதால் புன்னகைக்கிறேன் என்னும் பொருள்பட விடையளித்த தெரசா, அம்மகிழ்ச்சி ஆன்மிகப் பொருளில் என்பதைத் தம் குறிப்பில் மட்டும் சேர்த்துக்கொண்டார். அந்த விடை உண்மையின் விளிம்பில் நிற்கிறது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அப்புன்னகை விளிம்பில் நிற்கவில்லை. அதன் பின்னே செபமும் பணிவிடையும் இருந்தன.

இதை வாசிப்பவர் ஒவ்வொருவர்க்கும் அத்தகைய ஒருவர் உண்டு. அவருடைய பெயரை இன்றிரவுச் செபத்தில் முதலாவதாகச் சொல்லும்படி வேண்டுகிறோம்.