உடந்தை என்னும் சொல்லும் கோலார் தங்கவயலும்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் உடந்தையைத் தூண்டுதல், சதியில் சேர்தல், அறிந்தே உதவுதல் என மூவகைப்படுத்திற்று. களவுப்பொருளை வாங்கியவர் அதனை அறிந்தே வாங்கினார் என்பதை அரசுத் தரப்பே மெய்ப்பிக்க வேண்டும். கோலார் தங்கவயலில் நிலைமை வேறு. மைசூர் அரசின் 1897ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ், தங்கம் கலந்த கல் ஒருவரிடம் அகப்பட்டால், அது நேர்வழியில் வந்ததென அவரே நிறுவ வேண்டியிருந்தது. எடுத்தவர், சுமந்தவர், வாங்கியவர், உருக்கியவர் என்ற வேறுபாடு பொருளற்றதாயிற்று; வைத்திருந்தாலே குற்றம். (நிறுவனங்களுக்கு இது எத்துணை வசதி!) 'உடந்தை' என்று தனியே ஒருவரைச் சுட்டும் தேவை குன்றியது, ஐயம் எல்லோர்மீதும் படர்ந்தது. 1930இல் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிய முற்பட்டபோது, பெரும்பாலும் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்த அத்தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.