மால்குடி டேஸ்

ஆர். கே. நாராயணின் சிறுகதைகளையும் நாவல்களையும் வைத்து எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடர் மால்குடி டேஸ். 1986இல் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் வந்தது. கன்னட நடிகர் சங்கர் நாக் இயக்க, டி. எஸ். நரசிம்மன் தயாரித்தார். சங்கர் நாக் எடுத்தவை 39 பகுதிகள். 2006இல் கவிதா லங்கேஷ் இயக்கிய 15 பகுதிகளும் சேர்ந்து மொத்தம் 54. ஒரு சின்ன ஊரையும் அதில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் மனிதர்களையும் விட்டு வெளியே போகாத இந்தியத் தொடர்களில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை.

மால்குடி எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். ராசிபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தில், 1906இல் சென்னையில் பிறந்த நாராயண், 1930ஆம் ஆண்டு விஜயதசமி நாளில் பெங்களூரில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோது முதலில் மனதில் வந்து நின்றது ஒரு ரயில் நிலையம். ஊர் அதற்குப் பிறகுதான் வந்தது. சரயு ஆறு, மேம்பி மலை, ஆல்பர்ட் மிஷன் பள்ளி, கபீர் தெரு என்று கதைக்குக் கதை அது வளர்ந்தது. 1935இல் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' லண்டனில் வெளியானது. அதற்குப் பதிப்பாளரைப் பிடித்துக் கொடுத்தவர் ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீன்.

இந்த ஊரைத் திரைக்குக் கொண்டுவருவதில் ஏற்கெனவே ஒரு கசப்பு இருந்தது. நாராயணின் நாவலை வைத்து 1965இல் வந்த 'கைடு' இந்திப் படம் மால்குடியைக் கழற்றி வைத்துவிட்டு வடநாட்டு அரண்மனைகளுக்கும் நகரங்களுக்கும் கதையைக் கொண்டுபோனது. நாராயண் அந்த அனுபவத்தைக் கிண்டலும் வருத்தமுமாகக் கட்டுரையாகவே எழுதினார். சங்கர் நாக் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. முதலில் ஊரைத் தேடினார். கிடைத்தது ஆகும்பே.

ஆகும்பே, கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் உள்ள சிற்றூர். ஆண்டுக்குச் சராசரியாக 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம். அங்கிருந்த 'தொட்டமனெ' என்ற பழைய பெரிய வீடு, 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலின் சிறுவன் சுவாமியின் வீடானது. கலை இயக்குநர் ஜான் தேவராஜ் அந்தத் தெருக்களையே மால்குடியாக மாற்றினார். கதையில் வரும் சர் ஃபிரடெரிக் லாலியின் சிலையும் எழும்பியது. ரயில் நிலையக் காட்சிகளுக்கு சிவமொக்கா–தாளகுப்பா பாதையில் இருக்கும் அரசாளு நிலையத்தைப் பிடித்தார்கள். அப்போது அது மீட்டர் கேஜ் பாதை. அதே காலத்தில் விருதுநகர்–தென்காசி மீட்டர் கேஜ் பாதையில் சங்கரன்கோவில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தவர்களுக்கு அரசாளு அந்நியமாகத் தெரிந்திருக்காது. பச்சைதான் கொஞ்சம் உறுத்தும். மலையின் மழை மறைவுப் பக்கத்தில், கரிசலில் வாழ்கிறவர் கண்ணுக்கு, நாராயண் எழுதிய வெயிலும் புழுதியும் திரையில் குறைச்சல்தான்.

சுவாமியாக நடித்த மஞ்சுநாத் அப்போது பத்து வயதுச் சிறுவன். வக்கீல் அப்பாவாக கிரீஷ் கர்னாட், அம்மாவாக வைசாலி காசரவள்ளி. இனிப்புக் கடைக்காரர் ஜகனாக சங்கரின் அண்ணன் அனந்த் நாக். தலைப்புக் காட்சியின் கோட்டோவியங்கள் நாராயணின் தம்பி ஆர். கே. லக்ஷ்மண் வரைந்தவை. 'ஏழாவது மனிதன்', 'பேசும் படம்' ஆகியவற்றுக்கு இசையமைத்த எல். வைத்தியநாதன்தான் இதற்கும் இசை. வார்த்தையே இல்லாத அந்த முகப்பு மெட்டைக் கேட்டாலே ஒரு தலைமுறை தொடரை அடையாளம் சொல்லிவிடும்.

கதைகளில் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று 'ஒரு குதிரையும் இரண்டு ஆடுகளும்'. முனி என்ற ஏழைக் கிழவர் ஊர் எல்லையில் நிற்கும் மண் குதிரையின் நிழலில் உட்கார்ந்து ஆடு மேய்க்கிறார். நம் அய்யனார் கோயில் வாசல்களில் நிற்கும் அதே சாதிக் குதிரை. காரில் பெட்ரோல் தீர்ந்து வந்து நிற்கும் அமெரிக்கர் அந்தச் சிலையை விலைக்குக் கேட்கிறார். அவர் போட்டிருக்கும் காக்கி உடையைப் பார்த்து, போலீஸ்காரர் கொலை விசாரிக்க வந்துவிட்டார் என்று நடுங்குகிறார் முனி. இவருக்குத் தமிழ் மட்டும், அவருக்கு ஆங்கிலம் மட்டும். கடைசியில் கைமாறும் நூறு ரூபாய் தன் ஆடுகளுக்குத்தான் என்று முனி நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இந்திப் பதிப்பில் முனி இந்தி பேசுகிறார். சிரிப்பு கெடவில்லை. ஆனாலும் முனியின் வாயில் தமிழ் இல்லாதது ஒரு குறைதான்.

இது இயக்குநரின் பிழை அல்ல. நாடு முழுவதும் ஒரே அலைவரிசையாக இருந்த காலத்தில் இந்தியோ ஆங்கிலமோதான் வழி. முதல் 13 பகுதிகள் இரண்டிலும் எடுக்கப்பட்டன. வேறு வழியும் உலகத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் எடுத்த 'மஹெர்' தொடர் 1993 முதல் 1998 வரை கேலிக் மொழியிலேயே ஓடியது. ஸ்கை தீவில் எடுத்த 'பன்னன்' 2014இல் பிபிசியின் கேலிக் அலைவரிசையான அல்பாவில் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் கேலிக் பேசுவோர் 2011 கணக்கெடுப்பின்படி 57,000 பேர் அளவில்தான். அந்தச் சின்னஞ்சிறு மொழிக்குக் கிடைத்தது, கோடிக்கணக்கானோர் பேசும் தமிழுக்கும் கன்னடத்துக்கும் 1986இல் தேசிய ஒளிபரப்பில் கிடைக்கவில்லை.

சங்கர் நாக் 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே சாலை விபத்தில் இறந்தார், வயது 35. நாராயண் 2001 மே மாதம் சென்னையில் காலமானார். அரசாளு நிலையத்தின் பழைய கட்டடத்தை ரயில்வே 2020இல் மால்குடி அருங்காட்சியகமாக்கியது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் 'காணாமல் போன கடிதம்' பகுதியிலிருந்து தொடங்கலாம். விநாயக முதலி தெருவின் தபால்காரர் தானப்பா, ஒரு கல்யாணம் நின்றுவிடக் கூடாதென்று சாவுச் செய்தியைப் பையிலேயே வைத்துக்கொள்ளும் கதை அது.