காவுதடியில் வந்த உணவு

தைவான் தீவின் பழைய தலைநகரான தைனானில் ஓர் உணவுக்கடை உண்டு. 'து சியாவ் யுவே' என்பது அதன் பெயர். 'சிறு மாதத்தைக் கடத்துதல்' என்பது அப்பெயரின் பொருள். உணவுக்கடைக்கு இப்படியும் ஒரு பெயரா என வியப்பவர், கடற்றொழிலாளரின் வாழ்க்கையை அறியாதவராகவே இருத்தல் வேண்டும். சூறாவளிக் காலத்தில் அத்தீவின் மீனவர் தோணியை நீரில் இறக்க இயலாது. கடல் கைவிரித்துவிடும் அம்மாதங்களையே அவர்கள் சிறு மாதங்கள் என்றனர்.

ஹொங் யூதொவ் என்னும் மீனவர் இச் சிறு மாதங்களிலே அடுப்பையும் கிண்ணங்களையும் காவுதடியின் இரு தலைப்புகளிலும் தொங்கவிட்டுத் தெருவில் நூடில்ஸ் விற்கலானார். 'தான்சை' என்னும் சொல் அந்தக் காவுதடியையே குறிக்கும். உணவுக்கும் அதுவே பெயராயிற்று. நீர்த்தெய்வங்களின் கோயில் முன்றலில் அவர் கடை விரித்தார். அக்கோயில் தைனானின் பெருவணிகர் சங்கங்கள் கூடிய இடமுமாகும். உள்ளே சரக்குக் கப்பல்களின் கணக்கு. வாசலிலே ஒரு மீனவனின் விளக்குக் கூடு!

கடையின் பிறப்பு ஆண்டாகச் சொல்லப்படுவது 1895. அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் திகதி, போரில் தோற்ற சீனப் பேரரசு ஷிமோனோசெகி உடன்படிக்கை மூலம் தைவானை யப்பானுக்குத் தாரை வார்த்தது. தீவின் மக்களை எவரும் கேட்கவில்லை. மே மாதத்தில் அவர்கள் குடியரசொன்றைப் பிரகடனஞ் செய்து எதிர்த்து நின்றனர். ஒக்டோபர் 21ஆம் திகதி யப்பானியப் படை தைனானுக்குள் புகுந்தது. நமது பாடநூல்கள் இத்தகைய ஆண்டுகளை உடன்படிக்கைகளால் மட்டுமே அளக்கின்றன. கொடி மாறிய ஆண்டிலும் அடுப்பு எரியவேண்டியிருந்தது என்பதை அவை எழுதுவதில்லை.

அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது? சிறிதளவு நூடில்ஸ், இறால் தலைகளை அவித்தெடுத்த சாறு, வெங்காயத்துடன் சோயாச் சாற்றில் நெடுநேரம் வேகவைத்த பன்றியிறைச்சிக் கொத்து, முளைப்பயறு, கொத்தமல்லி இலை, சிறிது உள்ளி, கறுப்பு வினாகிரி, மேலே ஒரேயொரு இறால். எறியத்தக்க தலையிலிருந்து சுவையைப் பிழிந்தெடுப்பது ஏழையின் சமையற்கலை. கிண்ணமும் சிறிதே. வயிறு நிரம்ப அன்று, பசியை ஆற்றவே அது போதும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நூடில்ஸோ கோதுமையாலானது, தைவானோ நெல் விளையும் நாடு. யப்பானிய ஆட்சியில் அந்த நெல்லும் சர்க்கரையும் கப்பலேறின. விளைவித்த விவசாயிகள் பலர் வற்றாளங் கிழங்கால் வயிற்றை நிரப்பினர். 1950களில் அமெரிக்க உதவி என்னும் பெயரில் கோதுமை வந்து குவிந்தது. அரிசியை ஏற்றுமதிக்கு மிச்சப்படுத்துவதற்காக, மாவுணவை உண்ணும்படி கோமிந்தாங் அரசு மக்களை ஊக்குவித்தது. மக்கள் எதை உண்பது என்பதைக்கூட அவர்களின் நாக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை.

ஹொங்கின் கதையை இன்று பலரும் தனிமனித முயற்சியின் வெற்றிக் கதையாகவே சொல்கின்றனர். அது முழு உண்மையன்று. அதே சிறு மாதங்களைக் கடனாலும் அரை வயிற்றாலும் கடத்திய ஏனைய மீனவர்களுக்கு விளக்குக் கூடும் இல்லை, பெயரும் இல்லை. ஒருவர் பிழைத்தது கதையாயிற்று. பலர் தவித்தது கதையாகவில்லை.

கடை இப்போது அவர் சந்ததியினரின் கையில் உள்ளது. தலைநகர் தைப்பேயிலும் கிளை பரப்பியிருக்கிறது. உல்லாசப் பயணிகள் வரிசையில் நிற்கின்றனர். ஆயினும் சமையற்காரர் இன்றும் தாழ்ந்த அடுப்பின் முன்னே குட்டையான ஆசனத்தில் குந்தியிருந்தே நூடில்ஸை வெந்நீரில் அமிழ்த்தி எடுக்கிறார். காவுதடியை நிலத்தில் இறக்கிவைத்த மனிதன் அமர்ந்த உயரம் அது.